மீதி விருப்பங்கள்

மூன்றாவது தடவையும் திரையில் அதே வரிதான் வந்து நின்றது. நினைவகம் போதவில்லை.

"போதலையாம்," என்றார் கம்ப்யூட்டர்.

"யாருக்கு?" என்று வாசலில் நின்றபடி மேனேஜர் கேட்டார்.

"மெஷினுக்கு சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். அந்த பஸ் டிப்போவில் அவருக்குப் பெயரே பெருமூச்சுதான். நல்ல சேதிக்கும் விடுவார், கெட்ட சேதிக்கும் விடுவார். நீளத்தை வைத்துத்தான் எதற்கு விடுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இது நீளமாகவே இருந்தது.

கம்ப்யூட்டருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. டிப்போவில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்கிற ஆள் என்பதால், சேர்ந்த வாரமே அதன் பெயர் இவருக்கு வந்துவிட்டது. பெயரைப் பறிகொடுத்த கம்ப்யூட்டரை அன்றுமுதல் எல்லோரும் மெஷின் என்று கூப்பிட்டார்கள்.

மெஷின் இருந்த அறை டயர் குடோனை ஒட்டியிருந்தது. எந்நேரமும் ரப்பர் நாற்றம். ஒரு வாரமாக விடாத மழை. கூரை ஒழுகிய இடத்தில் ஒரு பக்கெட், அது நிறைந்தால் மாற்றி வைக்க இன்னொரு பக்கெட். மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார்கள். அதைக் கவனித்துக்கொள்கிற ஆளுக்கு மேலே ஒன்றும் கட்டவில்லை.

"நாளைக்கு ஒண்ணாம் தேதி," என்றார் பெருமூச்சு. "நாலு மணிக்குள்ள டியூட்டி சார்ட் போர்டுல ஏறியாகணும். இல்லேன்னா விடிஞ்சா எந்த டிரைவர் எந்த வண்டியை எடுக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியும் சார். பக்கத்து டிப்போவை மூடிட்டு அத்தனை பேரையும் நம்ம தலையில கட்டிட்டாங்க இல்ல? ஆளு கூடிடுச்சு, இடம் பத்தலைங்குது."

"புது மெமரி வாங்கிப் போட்டோமே?"

"போட்டோம் சார்."

"அப்புறமும் பத்தலையா?"

"அப்படித்தான் சொல்லுது."

பெருமூச்சு இன்னொன்று விட்டுவிட்டு, நிறைந்திருந்த பக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அந்த சார்ட் போடுகிற புரோகிராம் லேசுப்பட்டதில்லை. யார், எந்த வண்டி, எந்த நேரம் என்று மட்டும் பார்த்தால் எப்போதோ முடித்துவிடும். மாதக் கடைசியில் ஒவ்வொரு டிரைவரும் கண்டக்டரும் ஒரு விருப்பம் எழுதிக் கொடுப்பது அந்த டிப்போவின் வழக்கம். காலை ஷிஃப்ட் வேண்டும், ஏற்றப் பாதை வேண்டாம், இன்னார்கூட ஒரே வண்டியில் போட்டால் நான் லீவு என்று என்னென்னவோ இருக்கும். அதை வாங்கி மெஷினில் ஏற்றுவதற்கென்றே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். விருப்பக்காரம்மா என்று பெயர். சார்ட் போர்டில் ஏறுகிறவரைக்கும் யார் என்ன கேட்டார் என்பதை மூச்சு விடமாட்டார். "ஏறினதுக்கு அப்புறம் ஊருக்கே தெரியும். அதுக்கு முன்னாடி சொன்னா என் நாக்கு அழுகிடும்," என்பார்.

கம்ப்யூட்டருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. காரணம் பெருமூச்சு இல்லை. அவருடைய மனைவியும் அதே டிப்போவில் டிரைவர்.

இரண்டு வருடமாக அந்தம்மாவுக்கு ஸ்பிளிட் டியூட்டிதான் விழுந்துகொண்டிருந்தது. விடிகாலையில் பாதி, சாயங்காலம் பாதி, நடுவில் வெட்டியாக ஒரு பகல். இவர் வீட்டில் இருக்கும்போது அவள் வண்டியில் இருப்பாள். அவள் வீட்டில் இருக்கும்போது இவர் மெஷினோடு இருப்பார். ராத்திரி சாப்பாட்டு வேளை ஒன்றில்தான் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் அவள் பேசுவதில்லை. கேட்டால் "சரி" என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் ஹார்ன் அடிக்கிற மாதிரி சிரித்தவள் அவள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது அவருக்கே மறந்துவிட்டது. அலுப்பு என்று நினைத்தார். இந்தப் பாழாய்ப்போன ஷிஃப்ட் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அவள் பழையபடி பேசினால் போதும்.

இன்று விடிகாலையில் அதிசயமாக, ஷூ மாட்டிக்கொண்டே அவளாகவே ஒன்று சொன்னாள்.

"மாசாமாசம் எழுதித்தான் குடுக்கறேன். உங்க மெஷின் கண்டுக்கவே மாட்டேங்குது."

"என்ன எழுதறே?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன, காலை ஷிஃப்ட்தான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வரலாம். அதைச் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

இதெல்லாம் போகட்டும். இடம் வேண்டும். கம்ப்யூட்டர் முதலில் செய்தது எல்லோரும் செய்கிற வேலைதான். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த மற்ற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். எது எதற்கு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

கொஞ்ச நேரத்தில் விசாரணை கவுன்ட்டர்காரர் குடையோடு ஓடி வந்தார்.

"கம்ப்யூட்டர், பஸ் நிக்கிற இடத்துல இருக்கிற போர்டெல்லாம் அணைஞ்சு போச்சு. எது எந்த ஊர் வண்டின்னே தெரியலை."

"ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க."

"நான் பொறுத்துக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போற வண்டியில ஏறிட்டாரு. அவர் மகன் வந்து 'உங்களுக்கு என்னய்யா அவ்வளவு அவசரம்'னு என் சட்டையைப் புடிக்கிறான்."

போர்டுகளை மறுபடி கிளப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் நான்காவது தடவை ஓட்டினார். போதவில்லை. அப்போதுதான், செய்ய வேண்டிய காரியத்தைக் கடைசியில் செய்கிறவராக, மெஷினில் மொத்தம் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்தார். முக்கால்வாசி காலியாக இருந்தது.

"இருக்கு," என்று தனக்குத்தானே சொன்னார். "வெச்சுக்கிட்டே குடுக்கமாட்டேங்குது."

யார் கொடுக்கவிடாமல் தடுப்பது? மெஷினுக்கு உத்தரவு போடுவது ஷெல் என்கிற ஒரு ஜன்னல் வழியாகத்தான். அந்த ஷெல்லுக்கு 'உனக்கு இவ்வளவுதான்' என்று ஒரு எல்லை போட்டுவிட்டால், அதிலிருந்து கிளம்புகிற எல்லா புரோகிராமுக்கும் அவ்வளவுதான். கறாரான அப்பாவுக்குப் பிள்ளைகளாகப் பிறந்த கதை. வெளியே கொட்டிக் கிடந்தாலும் உள்ளே பட்டினி. கம்ப்யூட்டர் எல்லைகளைக் காட்டச் சொன்னார். காட்டியது. நினைவகத்துக்கு நேராக ஒரு எல்லை, அதுவும் ஒரு சின்னப் பிள்ளைக்குச் சோறு போட்ட மாதிரி.

"எந்த மடையன் வேலை இது?" என்றார் வாய்விட்டு.

ஜன்னல் திறக்கும்போதெல்லாம் மெஷின் படிக்கிற ஆரம்பக் கோப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து பார்த்தார். எல்லை போட்ட வரி அங்கே இருந்தது. பக்கத்தில் போட்டவரின் ஊழியர் எண்ணும் இருந்தது. அது அவருடைய எண்.

கம்ப்யூட்டர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். நினைவு வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு புரோகிராம் தறிகெட்டு ஓடி, மொத்த இடத்தையும் விழுங்கி, அரைநாள் டிப்போவையே நிறுத்திவிட்டது. அந்த எரிச்சலில் எல்லோருக்கும் ஒரு எல்லை போட்டார். அப்புறம் மெஷின் சாதுவாகிவிட்டது. அடடா, இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவருக்கு.

அதே சூட்டோடு சூடாக வீட்டுக்கும் போட்டார். குளிக்க வெந்நீர் அரை பக்கெட். மின்விசிறி இரண்டாம் நம்பரைத் தாண்டக் கூடாது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அன்று ராத்திரி அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். மனைவி தன் தங்கையோடு போனில் பேச உட்கார்ந்தால், பக்கத்தில் கோழிமுட்டை மாதிரி ஒரு டைமரைத் திருகி வைப்பார். அது மணியடித்தால் அக்கா தங்கை இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மச்சினி ஒருநாள் பாதி அழுகையில் இருந்தபோது முட்டை மணியடித்துவிட்டது. அப்புறம் அவள் கூப்பிடுவதே இல்லை. வீடும் மெஷின் மாதிரியே சாதுவாகிவிட்டதில் கம்ப்யூட்டருக்குத் திருப்திதான்.

எல்லை போட்டது தான்தான் என்று தெரிந்ததும், இத்தனை மாதம் சார்ட் எப்படித்தான் ஓடியது என்று ஒரு சந்தேகம் வந்தது. வழக்கமாக அவர் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். 'சார்ட் தயார்' என்று வந்தால் ஜன்னலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இப்போது போன மாதத்து ஓட்டத்தை எடுத்து, மேலே நகர்த்திப் படித்தார். கடைசி வரிக்கு முந்தின வரி இப்படி இருந்தது: இடம் போதாததால் மீதி விருப்பங்கள் விடப்பட்டன.

அதற்கு முந்தின மாதமும் அதேதான். அதற்கும் முந்தின மாதமும்.

விருப்பங்களை மெஷின் சீனியாரிட்டி வரிசையில் படிக்கும். இடம் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மீதிப் பேருக்குப் போன மாதம் போட்டதையே திருப்பிப் போட்டுவிடும். இந்த மாதம் புது ஆட்களின் பெயர்களை ஏற்றுவதற்குள்ளேயே இடம் தீர்ந்துவிட்டது. மூடின டிப்போ ஆட்களையும் சேர்த்துப் பார்த்தாலும், வேலையில் கடைசியாகச் சேர்ந்த டிரைவர் அவருடைய மனைவி. வரிசையில் கடைசிப் பெயர் அவளுடையது.

அப்படியென்றால் அவள் எழுதிக் கொடுத்ததை மெஷின் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக அவள் காலை ஷிஃப்ட் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பூட்டு போட்டவன் வீட்டிலேயே உட்கார்ந்து, உனக்கு என்ன அலுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இன்றைக்கு எப்படியாவது கடைசிப் பெயர்வரைக்கும் படிக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அப்படி மடித்துவிட்டதும் எல்லாம் இன்னும் மோசமாயிற்று.

பழைய எல்லையை அழித்துவிட்டு எட்டாயிரம் என்று அடித்தார். தாராளமான எண். இனிமேல் இந்தத் தொல்லையே வரக்கூடாது என்று ஆரம்பக் கோப்பிலேயே அடித்துச் சேமித்தார். புது எல்லை அமலுக்கு வர ஜன்னலை மூடித் திறக்க வேண்டும். அவருடையதை மூடினார். மற்றவர்களும் மூடித் திறக்கட்டும் என்று டிப்போ முழுவதற்கும் இன்டர்காமில் சொன்னார். டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டர், டீசல் பம்ப், விருப்பக்காரம்மா என்று எல்லோரும் உள்ளே நுழைவது ஒரே பெயரில், ஒரே ஆரம்பக் கோப்பில்தான். பாஸ்வேர்டு மறந்துபோனால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

அவர் எண்ணியது மெகாபைட் கணக்கில். இந்த ஒரு இடத்தில் மட்டும் மெஷின் கிலோபைட் கணக்கில் எண்ணும். ஆயிரத்தில் ஒரு பங்கு. சின்னப் பிள்ளைக்குப் போட்ட சோறு போய், எறும்புக்குப் போட்ட சோறாகிவிட்டது.

திறந்த ஜன்னலில் கோப்புகளைக் காட்டு என்றார். இடமில்லை என்றது. தேதி என்ன என்றார். இடமில்லை. எல்லையைக் கூட்டு என்றார். அனுமதி இல்லை. ஒருமுறை இறக்கிவிட்ட எல்லையைத் திரும்ப ஏற்றும் உரிமை இறக்கியவனுக்குக் கிடையாது, பெரிய பாஸ்வேர்டு வைத்திருக்கிறவருக்குத்தான் உண்டு. சரி, கோப்பைத் திறந்து திருத்திவிடலாம் என்றால், திருத்துகிற புரோகிராமைத் திறக்கவே இடமில்லை.

விருப்பக்காரம்மாதான் முதலில் வந்தார். "சார், நீங்க சொன்ன மாதிரி மூடித் திறந்தேன். இப்ப எதைத் தட்டினாலும் இல்லை இல்லைங்குது."

"தெரியும்மா."

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தது?"

"அதுவும் தெரியும்மா."

பின்னாலேயே டிக்கெட் கவுன்ட்டர்காரர், அவருக்குப் பின்னால் டீசல் பம்ப்காரர், அவருக்குப் பின்னால் டீசல் கிடைக்காத டிரைவர்கள் என்று மழையில் நனைந்த ஒரு கூட்டமே அறைக்குள் வந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றது. கடைசியாகக் காலி பக்கெட்டோடு பெருமூச்சு வந்தார்.

"என்னப்பா?"

கம்ப்யூட்டர் சொன்னார். எல்லை போட்டது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே சொன்னார். "பெரிய பாஸ்வேர்டு வேணும் சார். உங்ககிட்டதானே இருக்கு?"

அது பெருமூச்சிடம்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளில் தலைமை ஆபீசில் காதோடு காதாகச் சொன்னார்களாம். இதுவரை ஒருமுறைகூட அடித்ததில்லை. தன் வாழ்க்கையில் ரகசியம் என்று இருக்கிற ஒரே பொருளை இப்படி டயர் நாற்றத்துக்கு நடுவில் பயன்படுத்த வேண்டியிருக்கிறதே என்கிற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

"எல்லாரும் சுவர் பக்கம் திரும்புங்க," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், விருப்பக்காரம்மா எல்லோரும் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு விரல் ஒரு தட்டு, ஒரு பெருமூச்சு. அடுத்த விரல் அடுத்த தட்டு, அடுத்த பெருமூச்சு. தப்பு என்றது மெஷின். மறுபடியும் தப்பு என்றது.

"பெரிய எழுத்து அமுங்கியிருக்கான்னு பாருங்க சார்," என்றார் கம்ப்யூட்டர் சுவரைப் பார்த்தபடியே.

"நீ திரும்பாதே."

மூன்றாவது தடவை திறந்தது. கம்ப்யூட்டர் உட்கார்ந்து, ஆரம்பக் கோப்பைத் திறந்து, எட்டாயிரத்தின் மேல் கையை வைத்தார்.

"இப்ப எவ்வளவு போடப்போறே?" என்று கேட்டார் பெருமூச்சு.

"எதுவும் போடலை சார். அந்த வரியையே எடுத்துடறேன்."

"எல்லையே இல்லாம எப்படிப்பா? எதுக்கும் ஒரு எல்லை வேணும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே?"

"சொல்லுவேன் சார்," என்றார் கம்ப்யூட்டர். "தப்பாச் சொல்லியிருக்கேன்."

வரியை எடுத்தார். எடுத்து முடித்ததும் பயமாகவும் இருந்தது, இறுகக் கட்டிய ஷூவைக் கழற்றிய மாதிரி நிம்மதியாகவும் இருந்தது.

சார்ட் புரோகிராம் கிளம்பியது. இத்தனை வருடம் அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து மெஷினில் இருந்த அத்தனை இடத்தையும் அள்ளிக்கொண்டது. விசிறி அலறியது. டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு டிக்கெட் அச்சாக ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. டீசல் பம்ப்காரர் லிட்டர்களை விரல் விட்டு எண்ணினார். பஸ் நிற்கிற இடத்தில் போர்டுகள் காலை வண்டிகளையே காட்டிக்கொண்டு நின்றன. விசாரணைக்காரர் இந்தத் தடவை வரவில்லை, கவுன்ட்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் ஒரே ஒரு பெயரை நினைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வந்தது. அவர் முந்தின வரியை முதலில் படித்தார்: எல்லா விருப்பங்களும் படிக்கப்பட்டன. அதற்குக் கீழே: சார்ட் தயார்.

அச்சடித்த தாள்களை வாங்கிக்கொண்டு பெருமூச்சே போய் ஒட்டினார். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு.

அந்த டிப்போவில் போர்டைப் பார்த்துவிட்டு ஒருவர் சிரித்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்குச் சிரித்தார்கள். தன் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகிற பாதை ஒருவருக்குக் கிடைத்தது. தங்கை புருஷனோடு ஒரே வண்டியில் போகிற தண்டனை இன்னொருவருக்கு ரத்தாயிற்று. ஓயாவாய் என்று ஒரு கண்டக்டர் இருந்தார். அவர் வேண்டாம் என்று எழுதாத டிரைவரே கிடையாது. அவரைக் கேட்டு எழுதிய ஒரே ஆள், மூடின டிப்போவிலிருந்து வந்த, இடது காது கொஞ்சம் மந்தமான ஒரு டிரைவர். மெஷின் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருந்தது. ஒவ்வொருவராக அறைக்குள் வந்து கம்ப்யூட்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஈரக் கைகள்தான், ஆனாலும் அவருக்குப் பிடித்திருந்தது.

பெருமூச்சு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு அதிசயம் பாத்தியா? நைட் ஹால்ட் வண்டிக்கு இந்த மாசம் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதில்லை. யாரோ ஒரு டிரைவர் அதையே கேட்டு வாங்கியிருக்காங்க. சார்ட்டுல நம்பர்தான் இருக்கு, யாரோடதுன்னு பாக்கலை."

நைட் ஹால்ட் என்பது பாதையின் அந்தக் கோடியிலேயே ராத்திரி நின்றுவிடுகிற வண்டி. திங்கட்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. தங்குவதற்கு அங்கே கொடுக்கிற அறையில் ஒரு கட்டிலும், ஒரு பல்பும், ஏகப்பட்ட கொசுவும் இருக்கும். ஒவ்வொரு மாதமும் அதற்கு ஆள் அனுப்புவதற்குள் பெருமூச்சுக்கு மூச்சே போய்விடும்.

"அதைப் போய் ஆசைப்பட்டுக் கேக்கறாங்களா?" என்றார் கம்ப்யூட்டர்.

"அதான் எனக்கும் புரியலை."

"புரியறதுக்கு என்ன சார் இருக்கு? அந்தக் கொசுவே மேல்னு தோணுது போல. வீட்டுல அப்படி என்ன கொடுமையோ, பாவம்."

பெருமூச்சு தலையாட்டிவிட்டு, சின்னதாக ஒன்று விட்டார். சந்தோஷத்துக்கு விடுவது.

சாயங்காலப் பாதியை எடுக்க வந்த மனைவி, போர்டைப் பார்த்துவிட்டு நேராக மெஷின் அறைக்கு வந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. வாசலில் நின்று, ஒழுகுகிற கூரையையும் பக்கெட்டையும் இவரையும் பார்த்தாள்.

"நீங்களா பண்ணினீங்க?"

"ஆமா. அதுல ஒரு எல்லை போட்டிருந்தது. எடுத்துட்டேன்."

"நீங்க எடுத்தீங்களா?"

"நான்தான். முழுசா எடுத்துட்டேன்."

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு முழுதாக வரவில்லை, அதன் ஆரம்பம் மட்டும் வந்தது. அதற்கே கம்ப்யூட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த குடையை அவள் மேசைமேல் வைத்தாள்.

"வெச்சுக்கோங்க. மழை நிக்கிற மாதிரி தெரியலை. நான் எப்படியும் வண்டியிலதானே இருப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "உடம்பைப் பாத்துக்கோங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க."

இரண்டு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் பேசிய பேச்சு அதுதான் பெரிது. அவள் போன பிறகும் கம்ப்யூட்டர் குடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த முட்டை டைமரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மின்விசிறி அஞ்சாம் நம்பரில் சுற்றட்டும். தாழ்வாரத்து விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். மச்சினியை இவரே கூப்பிட்டு, அக்காவோடு வேண்டிய மட்டும் பேசிக்கொள் என்று சொல்ல வேண்டும். நாளை முதல் சாயங்காலம் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வரலாம். என்ன பேசுவது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொண்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

காலை ஷிஃப்டில் எத்தனையாவது வண்டி என்று அவளிடம் கேட்க மறந்துவிட்டார். போர்டு முன்னால் இன்னும் கூட்டம் குறையவில்லை. விருப்பக்காரம்மா மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சார்ட்தான் ஏறிடுச்சே, இனிமே சொல்லலாமில்ல? நாளைக்கு எங்க வீட்டுல எத்தனை மணிக்குக் கிளம்பணும்? நான் முன்னாடியே எழுந்து முழு பக்கெட் வெந்நீர் போட்டு வெக்கலாம்னு பாக்கறேன்."

அந்தம்மா சாவியைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமைக்குப் போட்டு வெச்சாப் போதும் சார். நைட் ஹால்ட் கேட்டு ரெண்டு வருஷமா மாசம் தவறாம எழுதிக் குடுத்தது அவங்கதானே."